பனியில் முரண்டு பிடிக்கும் எஞ்சின்

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் குளிர்காலத்தில் வெப்பநிலை –20° செ.க்கும் கீழே இறங்குவதுண்டு. அங்கே பனிமீது ஓடும் ஊர்தியில் காட்டுக்குள் சென்றவருக்கு, அது மறுபடி கிளம்பாவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதன் நான்கு வீச்சு எஞ்சின் ஏன் முரண்டு பிடிக்கிறது? பார்ப்போமா?

பெட்ரோல் எஞ்சின் இயங்க மூன்று தேவை: காற்றுடன் கலந்த பெட்ரோல் ஆவி, சிலிண்டரில் போதிய அழுத்தம், தக்க தருணத்தில் மின்பொறி. குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. பாட்டரியினுள் வேதிவினை மந்தமாகிறது; –18° செ. வெப்பநிலையில் ஈய-அமிலப் பாட்டரியின் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். நான்கு வீச்சு எஞ்சினுக்குள் தேங்கியிருக்கும் எண்ணெயோ தேன்போல் கெட்டியாகிறது. ஆக, வலிமை குன்றிய பாட்டரி கூடுதல் சுமையைச் சுழற்ற வேண்டியிருக்கிறது!

கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் பாட்டரியையும் எண்ணெயையும் கவனிக்க வேண்டும். வேகமாகச் சுழன்றும் பற்றவில்லையா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள். கோடை முழுதும் தேங்கிய பழைய பெட்ரோல், பிசினாகி நுண்துளைகளை அடைத்திருக்கலாம். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. மின்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் மிகுந்துவிட்டது.

ஓர் எச்சரிக்கை: மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டக்கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு உயிரைக் குடிக்கும்.

எல்லா உறுப்புகளையும் ஒருங்கே மாற்றாமல், காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருவதே அறிவியல் முறை. உங்கள் டார்ச் விளக்கு எரியாதபோது இம்முறையில் ஆராய்ந்து பாருங்களேன்!