காளான் அறைக்கு எத்தனை டன் குளிர்?

கோவைக்கும் திருப்பூருக்கும் இடையிலுள்ள சோமனூர் வட்டாரத்தில் விசைத்தறிக் கூடத்தைப் பார்த்திராத மாணவர் இருக்கமாட்டார். மாசி, பங்குனியில் காற்று வறண்டால் தறியில் பாவு நூல் அடிக்கடி அறுகிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வீசத் தொடங்கியதும் அதே தறியில் அதே நூல் அறுபடுவது குறைகிறது. ஈரம் ஏற ஏறப் பருத்தி இழை வலுப்பெறும் என்பதே இதற்குக் காரணம். நெசவுக்கு ஒப்பு ஈரப்பதம் 75 முதல் 85 விழுக்காடு வரை இருப்பது நல்லது. நூற்பாலைகளில் நீரைத் தூவிக் காற்றைக் கழுவி அனுப்பும் பெரிய அமைப்புகள் இதற்காகவே ஓடுகின்றன. அந்தக் காலத்துக் குழித்தறியில், தரைக்குள் தோண்டிய குழியே இந்த வேலையை ஓசையில்லாமல் செய்தது.

'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லே பஞ்சாலையில்தான் பிறந்தது. 1906-இல் அமெரிக்கப் பஞ்சாலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிரேமர் அதைப் பயன்படுத்தினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1902-இல், வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்கு அமைத்துக் கொடுத்த எந்திரமும் மனிதரைக் குளிர்விக்க எழுந்ததன்று. ஈரத்தால் காகிதம் நீண்டும் சுருங்கியும் வண்ணங்கள் பொருந்தாமல் போயின. அதைச் சரிசெய்யவே அந்த எந்திரம் வந்தது. ஆக, குளிர்சாதனத்தின் முதல் கவலை வெப்பமன்று, ஈரம். இன்று குளிர்சாதனம் வாங்கும் பலரும் மறந்துவிடுவது இதைத்தான்.

நூற்பாலைக் கழிவுப் பஞ்சின்மேல் சிப்பிக் காளான் நன்றாக வளரும். அதைப் பார்த்த ஒருவர், தறி ஓடாமல் கிடக்கும் கூடம் ஒன்றைக் காளான் அறையாக்கி, விலை கூடுதலாகக் கிடைக்கும் மொட்டுக் காளானை வளர்க்க எண்ணுகிறார் என்று கொள்வோம். எத்தனை டன் குளிர்சாதனம் வாங்குவது? கடையில் கேட்டால் அறையின் சதுர அடியைக் கேட்டு விடை சொல்லிவிடுவார்கள். மனிதர் உறங்கும் அறைக்கு அந்த விடை போதும். காளானோ மூச்சு விடும் பயிர்; கணக்குத் தவறினால் ஒரு போகமே அழுகிப் போகும், அல்லது காய்ந்து போகும். கடனில் வாங்கிய எந்திரத்துக்கோ தவணை கட்டியே ஆகவேண்டும்.

மொட்டுக் காளான் குளிர்நாட்டுப் பயிர். வித்திட்ட படுக்கையில் பூசண இழை பரவ 22 முதல் 25 டிகிரி செல்சியஸ் வேண்டும்; மொட்டு எழும்பி வளர 14 முதல் 18 டிகிரி வேண்டும். ஒப்பு ஈரப்பதம் 85 முதல் 90 விழுக்காடு இருக்கவேண்டும். காளான் நம்மைப்போல் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அது அறையில் தேங்கினால் தண்டு நீண்டு குடை சிறுத்துவிடும். ஆகவே வெளிக்காற்றை ஓயாமல் உள்ளே விடவேண்டும். நீலகிரியில் இக்குளிரைப் பெரும்பாலும் இயற்கையே தந்துவிடுகிறது. சோமனூரில் அதை விலை கொடுத்து வாங்கவேண்டும்.

'டன்' என்பது எந்திரத்தின் எடையன்று. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த அளவுக்கு வெப்பத்தை வெளியேற்றும் திறனே ஒரு டன். ஒரு கிலோ பனிக்கட்டியின் உருகல் உள்ளுறை வெப்பம் 334 கிலோஜூல். பெருக்கி, ஒரு நாளின் 86,400 விநாடிகளால் வகுத்தால் ஏறத்தாழ 3.5 கிலோவாட் வரும்.

இனி அறைக்கு வருவோம். நீளம் 6 மீட்டர், அகலம் 4.5, உயரம் 3 மீட்டர். நான்கு சுவரும் கூரையும் சேர்ந்து 90 சதுர மீட்டர். சித்திரை நண்பகலில் வெளியே 36 டிகிரி, உள்ளே 16 டிகிரி, வேறுபாடு 20. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 வாட் வெப்பத்தைக் கசியவிடும். கூரையும் அப்படியே என்று கொண்டால் 2 × 90 × 20 = 3,600 வாட். சுவருக்கும் கூரைக்கும் உட்புறம் 5 சென்டிமீட்டர் தெர்மோகோல் பதித்தால் 2 வாட் என்பது அரை வாட்டாகக் குறைகிறது. மொத்தம் 900 வாட்டில் முடிந்துவிடுகிறது. மிச்சம் 2,700 வாட், முக்கால் டன்னுக்கும் மேல். கூரையில் விழும் வெயிலுக்காகச் சேர்க்கவேண்டிய தொகையும் இதே விகிதத்தில் குறையும்; தெர்மோகோல் பதித்த கூரைக்கு 300 வாட் சேர்த்தால் போதும். எந்திரத்தை வாங்கும் முன் தெர்மோகோலை வாங்குவதே கெட்டிக்காரத்தனம் என்பேன்.

படுக்கையும் வெப்பம் தரும். நொதித்து மூச்சுவிடும் அதன் உட்புறம் அறைக் காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாகவே இருக்கும்; அதற்கு ஒரு கிலோவாட் ஒதுக்குவோம். விசிறி, விளக்குகளுக்கு அரை கிலோவாட். காளானுக்குப் பயிர்களைப் போல வெளிச்சத்தைக் கொட்டவேண்டியதில்லை; இல்லையெனில் எரியும் ஒவ்வொரு வாட்டும் வெப்பமாகி நம் தலையில் விழும்.

மீதி உள்ளது வெளிக்காற்று. மணிக்கு நான்கு முறை அறைக் காற்றை மாற்றினால் 320 கனமீட்டர், ஏறத்தாழ 350 கிலோ காற்று. சித்திரை நண்பகலில் 36 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 30 விழுக்காடு என்றால், அக்காற்றின் ஒவ்வொரு கிலோவிலும் உள்ள வெப்பம், ஈரத்தின் உள்ளுறை வெப்பத்தையும் சேர்த்து, 65 கிலோஜூல். அறைக் காற்றில் 41. ஒவ்வொரு கிலோவிலிருந்தும் 24 கிலோஜூலை நீக்கவேண்டும். 350 கிலோவுக்கு 2.3 கிலோவாட். எல்லாவற்றையும் கூட்டினால் 5 கிலோவாட், ஏறத்தாழ ஒன்றரை டன்.

கணக்கு இத்துடன் முடிந்ததாக நினைத்து எந்திரம் வாங்கினால் ஐப்பசியில் சிக்கல் வரும். மழை நாளில் வெளியே 28 டிகிரிதான். ஆனால் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு. சித்திரைக் காற்றின் ஒரு கிலோவில் 11 கிராம் நீராவி இருந்தது. ஐப்பசிக் காற்றில் 19 கிராம். அந்த நீராவியை நீராக்கினால்தான் காற்று 16 டிகிரிக்கு இறங்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது விழுங்கிய வெப்பம், முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்றே குறைவு, குளிரும்போது அப்படியே வெளிவருகிறது. ஆகவே எட்டு டிகிரி குளிர்ந்த ஐப்பசிக் காற்றில் கிலோவுக்கு 77 கிலோஜூல்! சித்திரையைவிட 12 கூடுதல். வெளிக்காற்றுச் சுமை 2.3-லிருந்து 3.5 கிலோவாட்டாக ஏறுகிறது. சுவர் வழி வெப்பம் குறைந்தும், மொத்தம் 5.5 கிலோவாட்டைத் தாண்டிவிடுகிறது. வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டால், எங்கோ பெருக்கலில் பிழை என்றே முதலில் மாணவர்கள் சொல்வார்கள். பிழை இல்லை. காற்றின் மொத்த வெப்பத்தைக் காட்டுவது சாதாரண வெப்பமானியன்று. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி. சித்திரையில் அது 23 டிகிரி காட்டும், ஐப்பசியில் 25.

இரண்டு டன் எந்திரம் போதும் என்று தெரிந்தாயிற்று. ஆனால் வீட்டு ஏ.சி.யை மாட்டினால் வேறொரு கேடு வரும். அதன் குளிர்ச்சுருள் 8 டிகிரி அளவில் இருக்கும். அறைக் காற்றின் பனிநிலையோ 14 டிகிரி. சுருளைத் தொட்ட காற்று தன் ஈரத்தை அங்கேயே சொட்டிவிட்டுத் திரும்புகிறது. ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டை நோக்கி இறங்க, காளானின் தோல் வெடிக்கிறது. தேவைக்கு மிக அதிகமான டன் வாங்கினாலும் தொல்லைதான். எந்திரம் சற்று ஓடி நின்று, மறுபடி ஓடி, ஈரமும் ஏறி இறங்கிக் கொண்டே இருக்கும். எனவே காளான் பண்ணைகளில் சுருளின் பரப்பைப் பெரிதாக்கி, அதை அறையின் பனிநிலைக்குச் சற்றே கீழே மட்டும் வைத்து, நிறையக் காற்றை மெதுவாகச் செலுத்துகிறார்கள். குறையும் ஈரத்தை மென்தூவலால் ஈடுசெய்கிறார்கள். கூரையை ஒட்டி ஓடும், துளையிட்ட பாலிதீன் குழாய் காற்றை எல்லாப் படுக்கைக்கும் சமமாகப் பங்கிடுகிறது. வெளிக்காற்று நுண்வடிகட்டி வழியாகவே நுழையும். அறையின் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்று மிகுந்திருந்தால் ஈக்களும் வேற்றுப் பூசண வித்துகளும் இடுக்கு வழியே நுழைவது குறையும்.

பல அறைகள் இருந்தால் மைய அமைப்பு பொருந்தும். ஓர் அறையில் இழை பரவ 24 டிகிரி, அடுத்ததில் மொட்டுக்கு 16 டிகிரி. ஒரே இடத்தில் நீரைக் குளிரவைத்துக் குழாயில் அனுப்பி, ஒவ்வோர் அறையிலும் தனி விசிறி, தனிச் சுருள், தனி வால்வு வைத்துவிட்டால் அந்தந்த அறை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். ஒரே அறைக்கு இத்தனை ஏற்பாடு வீண்.

எந்திரமே வேண்டாம் என்றால்? நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கலாம், மண்பானையின் முறைதான். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஈரக்குமிழ் காட்டும் வெப்பநிலைக்குக் கீழே அது ஒருபோதும் இறங்காது. சித்திரையில் நல்ல ஈரத்திரை 36 டிகிரியை ஏறத்தாழ 26 ஆக்கும். ஈரப்பதமும் 80 விழுக்காட்டை ஒட்டி வரும். மொட்டுக் காளானுக்கு இது உதவாது. சிப்பிக் காளானுக்கு உதவும். பால் காளானோ 30 முதல் 35 டிகிரியையே விரும்புவது. அதற்கு வேண்டியது ஈரம் மட்டுமே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏ.பி.கே.2 என்ற பால் காளான் ரகத்தை வெளியிட்டது. தரையில் சற்றே குழி இறக்கி, மேலே நீல நிறப் பாலிதீன் விரித்த குடிலில் அதை வளர்க்கிறார்கள். குழித்தறிக்கு உதவிய அதே குழிதான்! சோமனூரில் மொட்டுக் காளானுக்குக் கடன் வாங்க நினைப்பவரிடம், முதலில் பால் காளானைப் பாருங்கள் என்றே நான் சொல்வேன்.

உங்கள் வீட்டில் செய்து பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை நிழலில் அருகருகே தொங்கவிடுங்கள். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் நுனியைச் சிறு கிண்ணத்து நீரில் நனையவிடுங்கள். விசிறியால் காற்று வீசி, ஈரக்குமிழ் இறங்கி நின்றபின் இரண்டு அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். நண்பகல் இரண்டு மணிக்கு, சித்திரையில் ஒரு வாரம், ஐப்பசியில் ஒரு வாரம். உலர்ந்த குமிழின் அளவு எந்த மாதம் அதிகம், ஈரக்குமிழின் அளவு எந்த மாதம் அதிகம் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.