கையெழுத்துப் போடும் முன்

முருகேசன் பெங்களூரில் வேலை செய்கிறார். பணம் ஏற்றிச் செல்லும் வண்டிக்குக் காவலாளி. ஒன்பது வருட வேலை. ஒரு புகாரும் இல்லை.

ஒருநாள் சூப்பர்வைசர் ஒரு தாளைக் கொடுத்தார். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது.

"எல்லாரும் போட்டாச்சு. நீங்களும் கையெழுத்துப் போடுங்க, முருகேசன்" என்றார்.

முருகேசனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். போன வருடம்தான் கற்றார். ஆனால் படிக்காத தாளில் போட மனம் வரவில்லை.

"நாளைக்குக் கொண்டு வரேன் சார்" என்றார்.

பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரியில் படிக்கிறாள். அவள் படித்துச் சொன்னாள்.

"மாமா, உங்க மேல வழக்கு இருக்கான்னு போலீஸ்ல விசாரிப்பாங்களாம். உங்க கடன் கணக்கையும் பார்ப்பாங்களாம்."

"அதெல்லாம் புதுசா வேலைக்குச் சேரும்போதுதானே?"

"வேலையில இருக்கிறவங்களையும் விசாரிக்கிறாங்க மாமா."

போலீஸ் விசாரணை முருகேசனுக்குப் புதிதல்ல. காவலாளி வேலைக்கு அது தேவை. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கடன் கணக்குதான் புதிது.

வங்கிக் கடன், வண்டிக் கடன், பல குழுக் கடன்கள் எல்லாம் பதிவாகின்றன. நான்கு கம்பெனிகள் பதிவு செய்கின்றன. சிபில் அதில் ஒன்று. 300 முதல் 900 வரை மதிப்பெண் உண்டு. தவணை தவறினால் மதிப்பெண் குறையும். பிறர் கடனுக்கு நாம் ஜாமீன் போட்டாலும் நம் கணக்கில் வரும். கந்துவட்டிக் கடன் இதில் வராது. அதன் தொல்லை வேறு!

இந்தக் கணக்கை யாரும் இஷ்டப்படி பார்க்க முடியாது. அதற்கும் 2005-இல் ஒரு சட்டம் வந்தது. வங்கி போன்ற சிலர்தான் கேட்டு வாங்கலாம். அதனால்தான் முதலாளிகள் நம் கையெழுத்தைக் கேட்கிறார்கள். சிலர் நம்மையே எடுத்து வரச் சொல்கிறார்கள்.

நம் கணக்கை நாம் பார்க்கலாம். ஒவ்வொரு கம்பெனியும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். அந்தப் பெண் செல்போனில் எடுத்துக் காட்டினாள்.

முருகேசன் திடுக்கிட்டார். வண்டிக் கடன் பாக்கி என்று இருந்தது. அது இரண்டு வருடம் முன்பே அடைத்த கடன்! பணம் ஏற்றும் வண்டியில் வேலை. கடன்காரர் என்று நினைத்தால் வேலை தங்குமா?

அவர் மனைவி இரும்புப் பெட்டியைத் திறந்தார். கடன் முடிந்த கடிதம் பத்திரமாக இருந்தது. அதன் நகலோடு புகார் கொடுத்தார்கள். 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். தவறினால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும். 2024 முதல் இந்த விதி இருக்கிறது.

மறுநாள் முருகேசன் சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"கணக்குல தப்பு இருக்கு சார். புகார் கொடுத்திருக்கேன். இதோ புகார் நம்பர். திருத்தி வரட்டும், கையெழுத்துப் போடறேன்."

சூப்பர்வைசர் முகம் சுளித்தார். மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்.

இருபத்திரண்டாம் நாள் கணக்கு திருந்தி வந்தது. பாக்கி 0 என்று இருந்தது. முருகேசன் அதை இரண்டு முறை பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.