குங்குமச் சிவப்பு தாளில் மங்குவது ஏன்?

கேள்வி: விஜயதசமியன்று கொல்கத்தாவில் எடுக்கப்பட்ட, பெண்கள் குங்குமம் பூசி விளையாடும் சிந்தூர் கேலா படங்கள் பளபளப்புத் தாளில் நன்றாக அச்சாகின்றன, மேட் தாளில் மட்டும் சிவப்பு செங்கல் நிறமாகிவிடுகிறதே, ஏன்?
– வாசகர், பவானிப்பூர், கொல்கத்தா

பதில்: அச்சில் தெரியும் நிறத்தை மையும் தாளும் சேர்ந்தே தீர்மானிப்பதால், ஒரு தாளுக்கென உருவான வண்ண விவரக் கோப்பு மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. ஐசிசி புரொஃபைல் எனப்படும் இக்கோப்பு, 1993இல் தொடங்கப்பட்ட சர்வதேச வண்ணக் கூட்டமைப்பு வகுத்த வடிவில், குறிப்பிட்ட பிரிண்டர், மை, தாள் ஆகிய மூன்றும் கூடும்போது கணினியின் எந்த எண் எந்த நிறமாக வெளிப்படும் என்பதைக் காட்டும் அட்டவணையாகும். நூற்றுக்கணக்கான வண்ணக் கட்டங்களை அச்சிட்டு, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்னும் ஒளியளவுக் கருவியால் ஒவ்வொன்றையும் அளந்து இது தயாரிக்கப்படுகிறது. ஆகவே மலிவு கருதி வேறு மை நிரப்பினாலும் அட்டவணை பிசகிவிடும்.

மேட் தாளின் சொரசொரப்பு ஒளியைச் சிதறடிப்பதால், கன்னத்தில் அப்பிய குங்குமமும் வெள்ளைப் புடவையின் சிவப்புக் கரையும் நேரில் காட்டும் செறிவை அதில் எந்தப் புரொஃபைலும் முழுமையாகக் கொண்டுவர இயலாது. எனினும் செங்கல் நிறம் வரை இறங்குவது இயல்பன்று. பளபளப்புத் தாளின் புரொஃபைலே தேர்வில் நீடித்திருக்கலாம், அல்லது மென்பொருளும் பிரிண்டர் டிரைவரும் தனித்தனியே நிறத்தைத் திருத்தியிருக்கலாம். மென்பொருளில் மேட் தாளின் புரொஃபைலைத் தேர்ந்து, டிரைவரின் வண்ணத் திருத்தத்தை அணைக்க வேண்டும். கொல்கத்தாவின் ஈரக்காற்றில் சாய மை மெதுவாகவே உலரும் என்பதால், ஒரு நாள் கழித்து அச்சை மதிப்பிடுவது நல்லது. சிந்தூரச் சிவப்பே முக்கியமெனில், பளபளப்புத் தாளே பொருத்தம்.