கேல் ஊரின் வீடுகள்

உளநோய்க்கு வைத்தியம் பெற்று ஒரு மகன் வீடு திரும்புகிறான். குளிசை ஒழுங்காகக் கொடுக்கிறார்கள். சாப்பாடும் நேரத்துக்குக் கிடைக்கிறது. ஆனால் தங்கையின் கலியாணப் பேச்சுக்கு ஆட்கள் வந்தால் அவன் பின்னறைக்குப் போகவேண்டும். "முழுச் சுகம் வரட்டும், பிறகு வேலையைப் பார்க்கலாம்" என்பார்கள். அந்தப் "பிறகு" பல வீடுகளில் வருவதேயில்லை.

அன்பான வாசகரே, இந்த ஒழுங்கு தலைகீழானது என்பதே இன்று உளநல சேவையில் கற்பிக்கப்படும் பாடம். அதற்கு இட்டிருக்கும் பெயர் மீட்சி. (மறையுரையில் நாம் சொல்லும் மீட்பு வேறு.) நோயின் குறிகள் முற்றாக அற்றுப்போவதை அச்சொல் குறிப்பதில்லை. குறிகள் ஓரளவு இருக்கும்போதே ஒருவர் தமக்கென வேலையும் உறவும் விருப்பமும் உள்ள வாழ்வை மீண்டும் பெறுவதைக் குறிக்கிறது.

பெல்ஜியம் நாட்டில், அன்ட்வேர்ப் மாகாணத்தில், கேல் என்றோர் ஊர் உண்டு. உளநோயாளரின் பாதுகாவலியான புனித டிம்ப்னாவின் ஆலயம் அங்கே இருக்கிறது. புனிதையின் வரலாற்றில் எவ்வளவு மரபு, எவ்வளவு சரித்திரம் என்பதை ஆய்வாளர் பார்க்கட்டும்; நமக்கு வேண்டியது அவ்வூர் வீடுகள். மத்திய காலத்தில் ஆலயத்தை ஒட்டிய நோயாளர் கூடம் நிரம்பியபோது, ஊர்க் குடியானவர் வந்தவர்களுக்குத் தம் வீடுகளில் இடங்கொடுத்தனர். நவநாள் முடிந்தும் பலர் திரும்பிப் போகவில்லை. 1850இல் அரசு பொறுப்பேற்றது. 1930களின் பிற்பகுதியில் அப்படித் தங்கியோர் 3,700க்கு மேற்பட்டோர். இன்று அத்தொகை மிகக் குறைந்துவிட்டது, வழக்கம் நின்றுவிடவில்லை. 2023இல் யுனெஸ்கோவும் அதற்கு அங்கீகாரம் அளித்தது.

அங்கே இவர்களை நோயாளர் என்று அழைப்பதில்லை. வீட்டில் தங்குவோர் என்பார்கள். தோட்ட வேலையிலும் சமையலிலும் பிள்ளைகளைப் பார்ப்பதிலும் அவர்களுக்குப் பங்குண்டு.

ஒரு வீட்டில் தங்கியவர் நாள்தோறும் தம் சட்டைத் தெறிகளைத் திருகித் திருகி அறுத்துவிடுவாராம். வீட்டுத் தாய் இரவில் அவற்றைத் தைத்துவிடுவார். இதைக் கண்ட ஒருவர், தங்கூசி நூலால் தைத்தால் அறாதே என்று யோசனை சொன்னார். அப்படிச் செய்யவே கூடாது, அவருக்குத் திருகத்தானே வேண்டும் என்றார் அந்தத் தாய்.

இதை வாசித்துச் சிரித்தேன். பிறகு, தங்கூசி தேடுகிறவர்கள் நாமுந்தான் என்று பட்டது. தனக்குள் பேசுவதை நிறுத்தினால்தான் பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிப்போவோம் என்பது வேறென்ன?

மருந்தை விட்டுவிடலாமென்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேலிலும் உளநோய் வைத்தியசாலை உண்டு. தாதியர் வீடுகளுக்கு வருவர். நிலை மோசமானால் அனுமதிப்பர்.

வேலை சிறிதாயிருக்கலாம், பொய்யானதாக இருக்கக்கூடாது. கடைக்கு அனுப்பினால் மிச்சக் காசுக்கு மற்றவர்களிடம் கேட்பதுபோல் அவரிடமும் கணக்குக் கேளுங்கள். எந்த வேலை என்பதை அவரே சொல்லட்டும். கலியாணப் பேச்சின்போது அவரையும் கூடத்தில் இருத்துங்கள். அது கடினம், அறிவேன்.

"எங்களுக்குப் பிறகு இவனை ஆர் பார்ப்பது?" வீடு சந்திக்கப் போகையில் பெற்றோர் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி இது. கேலில் பலர் ஒரே வீட்டில் பல பத்தாண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் முதுமையடைந்தபோது அவர்களுடைய பிள்ளைகள் பொறுப்பேற்றார்கள். சிறுவயது முதல் ஒரே மேசையில் உண்டவர்கள் அவர்கள். உங்கள் மற்றப் பிள்ளைகளை இருத்தி இதைப்பற்றிக் கதைத்தீர்களா? அவனையும் அருகில் வைத்துக்கொண்டு?