மேகம் அவனைப் போன்றது: திருப்பாவை நான்காம் பாசுரத்தில் உவமை

உவமையணியைக் கற்கப் புகுவோர் முதலில் மூன்று சொற்களை அறிதல் வேண்டும். விளக்கப்படும் பொருள் உவமேயம். அதனை விளக்கக் கொண்டுவரும் பொருள் உவமானம். இரண்டிலும் ஒத்திருப்பது பொதுத்தன்மை. உவமானம் உவமேயத்தினும் உயர்ந்ததாய் இருத்தல் வேண்டும் என்பது தொல்காப்பிய உவமவியல் கூறும் விதி.

இவ்விதியோடு திவ்யப்ரபந்தத்துள் நுழைந்தால் உடனே ஓர் இடர்ப்பாடு நேரும். எம்பெருமானினும் உயர்ந்த பொருள் யாது? முகில்வண்ணன் என்றும் தாமரைக்கண்ணன் என்றும் சொல்லும்போதெல்லாம் உயர்ந்த ஒன்றைத் தாழ்ந்த ஒன்றோடு ஒப்பிடுகிறோம். நம்மாழ்வாரே திருவாய்மொழி மூன்றாம் பத்தின் முதல் பதிகத்தில் (3-1-2) இதனை வெளியிட்டருளுகிறார்: மெய்யாகச் சொல்லப் புகுந்தால் அவனுடைய அவயவங்களுக்குத் தாமரை ஈடாகாது, திருமேனியின் ஒளிக்குப் புடமிட்ட பொன்னும் ஈடாகாது, உலகோர் கூறும் புகழுரைகள் பெரும்பாலும் அவனுக்குக் குறைவாகவே முடியும் என்பது கருத்து. ஆயினும் ஆழ்வார்கள் முகிலையும் தாமரையையும் கைவிட்டாரல்லர். காணாத நமக்கு, கண்டறிந்த பொருளைக் கொண்டன்றோ உணர்த்த வேண்டும்!

ஆண்டாள் திருப்பாவை நான்காம் பாசுரத்தில் வேறு வழி காண்கிறாள். மழைக்குரிய தேவதையை விளித்து, கடலுள் புகுந்து நீரை முகந்து மேலே ஏறுமாறு பணிக்கிறாள். அதன்பின் நான்கு உவமைகள் தொடர்கின்றன. மேகம் ஜகத்காரணனான எம்பெருமானின் திருவுருவம்போல் கறுக்க வேண்டும். பத்மநாபன் கையிலுள்ள திருவாழிபோல் மின்ன வேண்டும். வலம்புரிச் சங்கம்போல் அதிர வேண்டும். சார்ங்கம் விடுத்த அம்புகள்போல் பொழிய வேண்டும். மின்னலை முன்னும் இடியை அதன் பின்னும் வைத்த அழகு, வானத்தைப் பார்த்தவர்க்கு விளங்கும்.

இங்கே மேகம் உவமேயம், எம்பெருமானும் அவன் திவ்யாயுதங்களும் உவமானம். வழக்கமாக வரும் முறையை மாற்றி அமைப்பதைத் தண்டியலங்காரம் ‘விபரீத உவமை’ என்று பெயரிடும். முகம் தாமரை போன்றது என்பதை விட்டு, தாமரை முகம் போன்றது என்பது அதன் எளிய வடிவம். ஆனால் இப்பெயரைச் சொல்லி மேலே நகர்ந்துவிடுவது போதாது என்பது அடியேனின் கருத்து. உலகியற் கவிதையில் இம்மாற்றம் தலைவியை உயர்த்தச் செய்யும் உபசாரம். சொல்பவரும் கேட்பவரும் அதனை அறிவர். ஆண்டாளின் வாக்கில் உபசாரம் சிறிதும் இல்லை. உவமானம் உயர்ந்ததாய் இருத்தல் வேண்டும் என்ற விதி இங்கேதான் பழுதின்றி நிறைவேறுகிறது. பெயரளவில் இது விபரீதம்; பொருளளவில் இதுவே நேர். மேலும், தெரிந்ததைக் கொண்டே தெரியாததை விளக்குவது உலக வழக்கம். ஆண்டாளுக்கு நன்கு தெரிந்தது அவன் திருமேனி. விளக்க வேண்டியிருப்பது மேகம்தான்!

பொதுத்தன்மையை அவள் வரையறுக்கும் நுட்பமும் நோக்கத்தக்கது. கருமையில் மட்டுமே மேகத்துக்கு ஒப்புமை தருகிறாள், வள்ளன்மையில் தரவில்லை. கொடுப்பதில் எதையும் ஒளித்துக்கொள்ளாதே என்று முதலடியிலேயே எச்சரிக்க வேண்டிய ஒருவனைக் கொடையில் எம்பெருமானுக்கு நிகர் என்று எங்ஙனம் சொல்வது? அம்புமழையிலும் அப்படியே. சார்ங்கத்தின் அம்புகள் பகைவரை அழிப்பவை, அவள் வேண்டும் மழையோ உயிர்களைக் காப்பது. ஆகவே இடைவிடாமையும் விரைவுமே ஒப்புமை என்று கொள்ள வேண்டும். ஐயம் எழாதபடி, அந்த உவமையை அடுத்தே உலகம் வாழும்படி பெய்யவேண்டும் என்று சேர்த்துவிடுகிறாள்.

ஓசையையும் சிறிது கவனிக்கலாம். எட்டடிப் பாசுரத்தில் ழகர எழுத்து பதினோரிடங்களில் வருகிறது. ‘ஆழி’ என்ற சொல் இரண்டாம் அடியில் கடலையும் ஐந்தாம் அடியில் சக்கரத்தையும் குறிக்கும். ஒரே சொல் மீண்டும் வந்து வேறு பொருள் தருவதால் இது சொல் பின்வருநிலையணி.

இவ்வணியை அடுத்துள்ள மற்றொன்றையும் உடன்வைத்துக் கற்பது நன்று. திருவாய்மொழி நான்காம் பத்தின் நான்காம் பதிகத்தில், பிரிவாற்றாத பெண்ணின் நிலையைத் தாய் சொல்கிறாள். மழை பெய்யக் கண்டால் நாராயணனே வந்துவிட்டான் என்று அப்பெண் ஆடுகிறாள். ஆண்டாள் பாசுரத்தில் நான்கு முறையும் ‘போல்’ என்ற உருபு நின்று, மேகம் வேறு, அவன் வேறு என்பதைக் காத்தது. இங்கே உருபும் இல்லை, ஒப்பிடுவதற்கு இரண்டாவது பொருளும் அவள் கண்ணில் இல்லை. இதனை அணிநூலார் மயக்க அணி என்பர். மயக்கம் என்று சொல்பவள் தாய்; மகள் அப்படிச் சொல்லவில்லை.