சைக்கிள் சாமான்: எதை எங்கே வாங்குவது?



நம்ம பெம்பான் பக்கத்தில் பஸ்ஸை மட்டும் நம்பி நேரத்துக்கு ஓர் இடத்துக்குப் போய்ச் சேர முடியாது. மோட்டார் லைசன்ஸ் எடுக்க 16 வயது ஆக வேண்டும். அதுவரைக்கும் பள்ளிக்கூடம், டியூஷன், கோயில், கடை எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். நானும் ஜாசினுக்கு வேலைக்குச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். அதனால் இளைஞர் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பது இதுதான்: "அண்ணே, சாமான் எல்லாம் எங்கே வாங்குறீங்க? ஷோப்பியிலா?"

இதற்கு ஒரே கடையைப் பதிலாகச் சொல்ல முடியாது. முதலில் சாமானை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போனால் உங்களை ரோட்டில் சாய்க்கும் சாமான் ஒரு வகை: பிரேக், டயர், செயின், விளக்கு, ஹெல்மெட். கெட்டுப்போனால் எரிச்சல் மட்டும் தரும் சாமான் இன்னொரு வகை: பெல், பை, ஸ்டாண்ட், போத்தல் கூடு. இரண்டாவது வகையை எங்கே மலிவோ அங்கே வாங்கலாம். முதல் வகைக்கு, விற்பவர் யார் என்று தெரியாமல் ஒரு வெள்ளி கூடக் கொடுக்காதீர்கள்.

இது ஏன் முக்கியம்? 2017 பிப்ரவரி 18-ஆம் தேதி விடியற்காலையில் ஜொகூர் பாருவில் கார் மோதி 8 பதின்ம வயதுப் பிள்ளைகள் இறந்தார்கள். 'பசிக்கால் லாஜாக்' என்று சொல்லப்படும் மாற்றியமைத்த சைக்கிள்களில் போன கூட்டம் அது. அந்த வகை சைக்கிள்களில் பிரேக்கையே கழற்றிவிடுவது வழக்கம். செம்பனை ஏற்றிய லோரி ஓடும் நம்ம ரோட்டில், பிரேக்கும் விளக்கும் அலங்காரச் சாமான் இல்லை.

1. முதலில் எண்ணைப் படியுங்கள்

இணையத்தில் வாங்கிய சாமான் பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், அளவு தெரியாமல் வாங்குவதுதான். "26 இஞ்சி டயர்" என்று மட்டும் தேடினால் போதாது. 26 x 1.75 என்பது வேறு, 26 x 1 3/8 என்பது வேறு. இரண்டும் 26தான், ஆனால் ஒன்றின் ரிம்மில் மற்றது ஏறாது.

டயரின் பக்கவாட்டில் 47-559 மாதிரி இன்னோர் எண் அச்சாகியிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம். இரண்டுமே மில்லிமீட்டரில். இந்த இரண்டாவது எண் கட்டாயம் ஒத்துப்போக வேண்டும். மலைச் சைக்கிளின் 26 இஞ்சிக்கு 559, பழைய பட்டணத்துச் சைக்கிளின் 26 x 1 3/8-க்கு 590, 700சி-க்கும் 29-க்கும் 622, 27.5-க்கு 584. மடக்குச் சைக்கிளின் 20 இஞ்சியில்கூட 406, 451 என்று இரண்டு உண்டு. தாத்தா காலத்து உயரமான கறுப்புச் சைக்கிள் வீட்டில் இருந்தால், 28 x 1 1/2 என்று போட்டிருக்கும். அதற்கு 635.

டியூப் வாங்கும்போது வால்வையும் பாருங்கள். மோட்டார் டயரில் இருக்கும் தடித்த வால்வுக்குப் பெயர் ஷ்ரேடர். மெல்லிய வால்வுக்குப் பெயர் பிரெஸ்டா. பிரெஸ்டாவுக்குத் துளைத்த ரிம்மில் ஷ்ரேடர் நுழையாது.

செயினுக்கு, பின்சக்கரத்தில் எத்தனை பல்சக்கரம் என்று எண்ணுங்கள். கியர் இல்லாத சைக்கிளுக்குப் பொதுவாக 1/8 அகலச் செயின். கியர் சைக்கிளுக்கு அதன் எண்ணிக்கைக்கு ஏற்ற செயின்: 7, 8, 9 என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். டிஸ்க் பிரேக் என்றால் பிரேக்கின் மேல் எழுதியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வடிவம். உராயும் பகுதி 0.5 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது ஷிமானோ சொல்லும் கணக்கு.

2. எந்தக் கடையில் எது?

டெகத்லான், ரோடாலிங்க் போன்ற கடைகளுக்கு மலேசியாவில் நேரடிக் கடையும் உண்டு, இணையக் கடையும் உண்டு. ஹெல்மெட், விளக்கு, டியூப் வாங்க நான் முதலில் பார்ப்பது இந்த மாதிரி இடங்களைத்தான். சாமானில் குறை என்றால் போய்க் கேட்க ஒரு வாசல் இருக்கிறது, பாருங்க.

ஷோப்பி, லசாடா இரண்டும் கடை அல்ல, சந்தை. அங்கே நல்ல வியாபாரியும் இருப்பார், போலிச் சாமான் விற்பவரும் இருப்பார். பிரேக், செயின், டயர் வேண்டுமானால் அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கடையிலோ, உள்ளூரில் சைக்கிள் கடை நடத்துபவரின் பக்கத்திலோ வாங்குங்கள். மதிப்புரை படிக்கும்போது ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள். வாங்கியவர் போட்ட படத்தையும் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் சாமான் மலிவாகத் தெரியும். ஆனால் 2024 ஜனவரி 1 முதல், இணையத்தில் வாங்கி இறக்குமதியாகும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதோடு அனுப்பும் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் மலிவா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும்.

முடா, கரோசெல் ஆகியவற்றில் பழைய சாமான் கிடைக்கும். கேரியர், ஸ்டாண்ட், மட்கார்ட் வாங்கலாம். பழைய ஹெல்மெட் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம்.

3. கட்டாயம் வேண்டியவை

விளக்கு: முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. "10,000 லூமன்" என்று மலிவு விளக்கில் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். ஐபிஎக்ஸ்4 என்று இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று அர்த்தம். நம்ம ஊர் மழைக்கு அதற்குக் குறைந்தது ஆகாது. பூட்டும்போது வெளிச்சம் ரோட்டில் விழட்டும், எதிரே வருபவர் கண்ணில் விழக் கூடாது.

ஹெல்மெட்: உள்ளே இஎன் 1078 என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருக்க வேண்டும். புருவத்துக்கு மேலே நூலைச் சுற்றித் தலையின் அளவை எடுத்துவிட்டு வாங்குங்கள்.

மட்கார்டும் கேரியரும்: மழையில் பள்ளிச் சட்டையைக் காப்பாற்றுவது மட்கார்ட். அது டயரைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும். கேரியரில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கும். 25 கிலோ என்றால் அது புத்தகப் பைக்கு, தங்கச்சியை உட்கார வைக்க அல்ல.

4. பணம் கட்டும் முன்

ஷோப்பியில் நாம் கட்டும் பணம், சாமான் கிடைத்தது என்று நாம் உறுதி சொல்லும்வரை, அல்லது அதற்கான கெடு முடியும்வரை, விற்பவர் கைக்குப் போகாது. அதனால் பிரித்துப் பார்க்காமல் அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். பார்சலைப் பிரிப்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். "வாட்ஸ்அப்பில் வாங்க, தம்பி, குறைத்துத் தருகிறேன், நேராக பேங்கில் போடுங்க" என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், அப்பா அம்மாவிடம் சொல்லி, உடனே 997-க்கு அழையுங்கள். மோசடிக்கு ஆளானவர்களுக்கான தேசிய எண் அது.

உள்ளூர் வியாபாரி குறையுள்ள சாமானைத் தந்துவிட்டுக் கைவிரித்தால், மலாயில் 'திரிபுனல் துந்துத்தான் பெங்குனா' எனப்படும் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

5. பட்டணத்துக் கடையை மறக்காதீர்கள்

பிரேக் கேபிளை முறுக்கிப் பூட்டவோ, செயினை வெட்டி இணைக்கவோ பழகாதவர்கள், வாங்கிய சாமானைச் சைக்கிள் கடைக்காரரிடம் கொண்டு போங்கள். முதலிலேயே போய், "அங்கிள், இந்தச் சாமான் உங்களிடம் இருக்கா? பூட்டக் கூலி எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். விலை இரண்டு மூன்று வெள்ளி கூடினாலும், சில சமயம் கடையிலேயே வாங்குவதுதான் லாபம். நாளைக்கு வழியில் டியூப் வெடித்தால் ஒட்டிக் கொடுப்பது ஷோப்பி அல்ல, அந்த அங்கிள்தான்.

இந்த வாரப் பயிற்சி

அ. உங்கள் டயரின் எண், வால்வு வகை, பல்சக்கர எண்ணிக்கை, பிரேக் வகை நான்கையும் நோட்டில் எழுதுங்கள்.

ஆ. இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துச் சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இ. உங்களுக்கு வேண்டிய சாமான் ஒன்றை மூன்று இடங்களில் விலை பாருங்கள். வரி, அனுப்பும் செலவு, பூட்டும் கூலி மூன்றையும் கூட்டி எழுதுங்கள்.

அடுத்த வகுப்புக்கு நோட்டோடு வாருங்கள், சைக்கிளையும் ஓட்டி வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.