ஆசிரியர் ஊக்குவிக்காதபோது

நன்றாகப் படிக்கும் மாணவனுக்குப் பள்ளியில் துன்பமே இராது என்று பெரியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். உண்மை அவ்வாறில்லை. பாடத்தைத் தாண்டி ஒரு வினா எழுப்பினால் அவனுக்கு 'அதிகப்பிரசங்கி' என்ற பட்டம் கிடைக்கிறது. கணக்கை வேறு வழியில் செய்தால் விடை சரியாயிருந்தும் மதிப்பெண் குறைகிறது. தான் மிகவும் மதிக்கும் ஆசிரியரே தன்னை ஏற்கவில்லை என்பதை உணரும்போது அவன் உள்ளம் வாடுகிறது. அன்று மாலை வீட்டில் பேசாமல் அமர்ந்திருக்கும் அந்தப் பிள்ளையிடம் பெற்றோர் என்ன சொல்வது?

பெரும்பாலும் இரண்டில் ஒன்று நிகழ்கிறது. 'அவருக்கு என்ன தெரியும்?' என்று பிள்ளையின் எதிரிலேயே ஆசிரியரை இகழ்வது ஒன்று. 'குருவைக் குறை சொல்லாதே' என்று பிள்ளையின் வாயை அடைப்பது மற்றொன்று. முன்னது அகந்தையை வளர்க்கிறது. பின்னது தன்னம்பிக்கையைக் குலைக்கிறது. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகரின் வாழ்க்கை அதைத் தெளிவாகக் காட்டுகிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1930ஆம் ஆண்டு தம் 19ஆம் வயதில் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்பயணத்தின்போதே ஒரு கணக்கீட்டில் ஈடுபட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் யாவும் வெண்குறுமீன்களாகச் சுருங்கி அடங்கிவிடும் என்று அந்நாளில் கருதப்பட்டது. அதற்கு ஓர் எல்லை உண்டு, அதனை மீறிய நிறையுடையவை அவ்வாறு அடங்க இயலாது என்பது அவர் கண்ட முடிவு. சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு என்பது அவ்வெல்லை.

கேம்பிரிட்ஜில் அவர் பெரிதும் மதித்தவர் சர் ஆர்தர் எடிங்டன். அவர் சந்திரசேகரின் நேரடி ஆசிரியர் அல்லர். ஆயினும் அத்துறையினர் ஆசானாகப் போற்றிய பேரறிஞர். சென்னையில் மாணவராயிருந்தபோதே சந்திரசேகர் அவருடைய நூலைப் பயின்றிருந்தார். எடிங்டனும் அடிக்கடி இளைஞரின் அறைக்கு வந்து, கணக்கீடுகள் எவ்வளவு தூரம் முன்னேறியுள்ளன என்று விசாரிப்பார். இந்நிலையில் 1935 ஜனவரி 11 அன்று, லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவை எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்த எடிங்டன், அம்முடிவு அபத்தமானது என்று கூறி அவையோர் சிரிக்கும்படி அதனைத் தள்ளிவிட்டார். சந்திரசேகர் கூறுவதே சரி என்று தனிமையில் ஒப்புக்கொண்ட அறிஞர்களும் வெளிப்படையாக ஆதரவு தர முன்வரவில்லை.

அந்த இளைஞர் என்ன செய்தார்? தம் கணக்கை மீண்டும் ஆராய்ந்தார். தவறில்லை என்று உறுதியானபின் அதனை விட்டுக்கொடுக்கவில்லை. அமெரிக்கா சென்று 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். 1939இல் விண்மீன்களின் அமைப்பைப் பற்றிய நூலில் தம் கொள்கையை முறையாக எழுதிவைத்துவிட்டு, வேறு ஆய்வுகளில் மனத்தைச் செலுத்தினார். அவமதிப்பைப் பற்றிய புலம்பலில் ஆயுளைக் கழிக்கவில்லை. 1983ஆம் ஆண்டு நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

இதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. எடிங்டனுடன் அவர் கொண்ட நட்பு இறுதிவரை முறியவில்லை. 1944இல் எடிங்டன் மறைந்தபோது, அக்காலத்தின் மாபெரும் வானியலறிஞர்களுள் ஒருவர் என்று அவரைப் போற்றி அஞ்சலி செலுத்தியவர் சந்திரசேகரே. பின்னாளில் ஏறத்தாழ 50 மாணவர்கள் சந்திரசேகரின் வழிகாட்டுதலில் முனைவர் பட்டம் பெற்றனர். தாம் பட்ட காயத்தை அவர் அடுத்த தலைமுறையிடம் கொடுத்துச் செல்லவில்லை.

மாணவன் மூன்றைப் பிரித்தறிய இவ்வரலாறு கற்பிக்கிறது. ஆசிரியரிடம் பெற்ற அறிவு ஒன்று. அவர் கூறும் தீர்ப்பு ஒன்று. தன் மதிப்பு ஒன்று. அறிவுக்கு நன்றி உரியது. தீர்ப்பு ஆராய்ச்சிக்கு உரியது. அதில் உண்மை இருந்தால் ஏற்றுத் திருந்த வேண்டும், இல்லையேல் பணிவோடு தன் கருத்தில் நிற்க வேண்டும். மதிப்போ பிறர் வாய்ச்சொல்லைப் பொறுத்ததன்று. பாராட்டையே உணவாகக் கொண்ட மனம், பாராட்டு நின்ற அன்றே பட்டினி கிடக்கும். பாகவதத்தில் வரும் அவதூதர் பூமி, மலைப்பாம்பு, தேனீ முதலிய 24 பேரைத் தம் குருமாராகக் கூறுகிறார். அவர்களுள் எவரும் அவரை அமர்த்திப் பாடம் சொன்னவரல்லர். கற்கும் மனம் இருந்தால் எவரிடமிருந்தும் கற்கலாம்.

பெற்றோருக்கும் கடமைகள் உண்டு. முதலில் பிள்ளை சொல்வதை முழுவதும் கேட்க வேண்டும். பின்னர் ஆசிரியரைத் தனியே சந்தித்து, குற்றஞ்சாட்டாமல், நிகழ்ந்தது என்ன என்று விசாரிக்க வேண்டும். பிள்ளையின் ஆர்வத்துக்கு நூலகம், வேறோர் ஆசிரியர் என்று வேறு வாயில்களைத் திறந்துவிட வேண்டும். ஆயினும் பொறுமைக்கு எல்லை உண்டு. அடிப்பதும் இழிவுபடுத்துவதும் கண்டிப்பு ஆகா. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. அத்தகைய நிலையில் பிள்ளைக்குச் சகிப்பை உபதேசிப்பது தர்மமன்று. பள்ளித் தலைமையிடம் முறையிட்டு அதனைக் காப்பதே தர்மம்.

சிந்தனைக்கு:

1. ஒருவரின் கருத்தை மறுத்துக்கொண்டே அவரிடம் மரியாதை காட்ட இயலுமா?

2. பாராட்டே கிடைக்காவிட்டாலும் நாம் தொடர்ந்து செய்ய விரும்பும் பணி எது?

3. நம்மிடம் வினா எழுப்பும் இளையவரை நாம் எவ்வாறு நடத்துகிறோம்?